பாதரசத்தை மண்ணில் மட்டும் அளந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் டால்பினோ திமிங்கிலமோ செத்து ஒதுங்கும்போதெல்லாம் உங்கள் நாளிதழ் செய்தி வெளியிடுகிறது. நீளம் எத்தனை அடி, எடை எத்தனை கிலோ என்பது இருக்கும். கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்தார், வனத்துறையினர் அங்கேயே குழி தோண்டிப் புதைத்தனர் என்பதோடு செய்தி முடியும். கொடைக்கானலில் இருந்து அதைப் படிக்கும் எங்களுக்குத் தெரிய வேண்டியது அதற்கு அடுத்த வரி. புதைக்கும் முன் ஈரலில் ஒரு துண்டு, தசையில் ஒரு துண்டு, ஒரு பல் எடுத்து வைத்தார்களா? அவற்றில் பாதரசம் அளந்தார்களா?

மலைக்காரர்களுக்குக் கடல் விலங்கோடு என்ன வேலை என்று கேட்கலாம். பாதரசம் என்ற சொல் தமிழ்நாட்டில் எந்த ஊரைவிடவும் கொடைக்கானலில்தான் அதிகம் பேசப்பட்டிருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் இருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு 2001 மார்ச்சில் மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வாதம் முழுவதும் மண்ணைப் பற்றியது. ஆலை வளாகத்து மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாமா, அதற்கும் கீழே இறக்க வேண்டுமா? கனடா தன் குடியிருப்பு நிலங்களுக்கு வைத்திருக்கும் அளவு 6.6 மில்லிகிராம். எனவே 20 என்பது தாராளம் என்றே நாங்களும் கருதுகிறோம். ஆனால் எங்கள் வாதம் வேறு. மண்ணின் எண் எவ்வளவு குறைந்தாலும், உயிர்களின் உடலில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதை அறிய, உணவுச் சங்கிலியின் உச்சியில் உள்ள விலங்கை அளக்க வேண்டும். மலையில் அது மீன் தின்னும் மீனும் நீர்நாயும். கடலில் டால்பினும் சுறாவும். இரண்டையும் ஒரே முறையில், ஒரே அட்டவணையில் அளக்கும் ஏற்பாடு வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெப்பமானிக்குள் உருளும் பாதரசத்தை விழுங்கினால் குடலில் மிகக் கொஞ்சமே உறிஞ்சப்படும். ஆவியாகி மூச்சில் போவதுதான் ஆபத்து. ஆலைத் தொழிலாளர்களுக்கு நேர்ந்தது அந்த வகை. நீர்நிலைக்குள் விழுந்த பாதரசத்தின் கதை வேறு. காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், முக்கியமாகச் சல்பேட்டையும் இரும்பையும் கொண்டு சுவாசிப்பவை, அதோடு ஒரு மெத்தில் தொகுதியை, அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு துண்டை, ஒட்டிவிடுகின்றன. இதைச் செய்யும் இரண்டு மரபணுக்கள் 2013-இல்தான் அடையாளம் காணப்பட்டன. இப்படி உருவாகும் மெத்தில் பாதரசம் குடலில் ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சப்படுகிறது. கொழுப்பில் அல்ல, தசைப் புரதத்தின் கந்தக முனைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே மீனின் கொழுப்பை நீக்கினாலும், கழுவினாலும், வறுத்தாலும், கருவாடாக்கினாலும் போகாது. உடலும் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும். மனித ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 நாள் ஆகும்.

உள்ளே வருவது வேகமாகவும் வெளியே போவது மெதுவாகவும் இருப்பதால், தின்பவனின் உடலில் தின்னப்பட்டதைவிடச் செறிவு கூடுகிறது. பாசியில் இருந்து மிதவையுயிரி, அதிலிருந்து நெத்திலி, மத்தி, அங்கிருந்து சூரை, வஞ்சிரம், கடைசியில் பெரிய சுறா, டால்பின். ஒவ்வொரு படியிலும் பல மடங்கு ஏறி, உச்சியில் தண்ணீரில் இருந்ததைப்போலப் பத்து லட்சம் மடங்கைத் தாண்டிவிடுகிறது. உருவம் பெரிதாக இருந்தால் பாதரசமும் அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவுக்கு வரும் திமிங்கிலச் சுறா மீன்களிலேயே மிகப் பெரியது, ஆனால் வடிகட்டித் தின்பது மிதவையுயிரியை. பல்லில்லாத் திமிங்கிலங்களும் அப்படியே கீழ்ப்படியில் தின்பவை. ஆவுளியா எனப்படும் கடற்பசு தின்பது கடற்புல் மட்டும். அதே கடலில், அதே ஆழத்தில், நீண்ட ஆயுள் வாழ்ந்தும் ஆவுளியாவின் உடலில் பாதரசம் குறைவு. பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரில் ஆவுளியாவுக்கெனக் காப்பகம் அறிவித்தார்களே, அங்கே இறந்து ஒதுங்கும் ஆவுளியாவின் ஈரலையும் அதே நீரில் இறந்த டால்பினின் ஈரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால், உணவுச் சங்கிலி எவ்வளவு ஏற்றிவிடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். இப்படியொரு ஒப்பீடு இயல்பாகவே அமைந்த கடற்கரை வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது.

நீர் மாதிரி எடுத்து அளப்பது சட்டைப்பையில் இன்று எவ்வளவு இருக்கிறது என்று தடவிப் பார்ப்பது போல. முப்பது வயது டால்பினின் உடல் முப்பது வருட வங்கிப் பாஸ்புத்தகம். கொடைக்கானல் ஏரி நீரை ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் அளந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் என்று இருந்தது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த அளவில், மழை பெய்த மறுநாள் ஓர் எண், வெயில் காலத்தில் வேறோர் எண் என்றுதான் வரும். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவாத பாட்டில், கையுறை மாற்றாத விரல், படகின் பெட்ரோல் எஞ்சின் புகை ஆகியவை கூட முடிவைக் கெடுத்துவிடும். ஏரி நீரைக் குடிநீர் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, 'பாதரசம் கண்டறியப்படவில்லை' என்று சான்றிதழ் வாங்குவதில் பொருளே இல்லை. பெரும்பாலான ஆய்வகங்களின் குடிநீர்ச் சோதனை லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவை ஒட்டியே அமைந்தது. அந்தக் கருவிக்கு 400 நானோகிராம் கண்ணிலேயே படாது.

இனி டால்பினின் உடலுக்கு வருவோம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

பல்லுள்ள திமிங்கிலங்களும் டால்பின்களும் மெத்தில் பாதரசத்தை ஈரலில் உடைத்து, செலினியத்தோடு சேர்த்துக் கரையாத பாதரச செலினைடு படிகமாக ஒதுக்கி வைத்துக்கொள்கின்றன. நிலத்தடியில் டீமன்னைட் என்ற பெயரில் கிடைக்கும் கனிமமும் இதுவே. வயது ஏற ஏற இந்தப் படிகம் சேர்ந்துகொண்டே போகும். முதிய விலங்கின் ஈரலில் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வரை இருப்பது உலகின் பல கடல்களில் பதிவாகியிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து 'பாதரச நஞ்சால் டால்பின் பலி' என்று தலைப்பு எழுதினால் தவறாகிவிடும். அந்த விலங்கு தன்னைக் காத்துக்கொண்டதற்கான அடையாளமாகவும் அது இருக்கலாம். முடிவு சொல்ல மூன்று எண்கள் சேர்ந்து வேண்டும். ஈரலில் மொத்தப் பாதரசம், அதே ஈரலில் செலினியம், தசையில் மெத்தில் பாதரசம். பாதரசத்தின் அணு எடை 200.6, செலினியத்தின் அணு எடை 79. அணுவுக்கு அணு சரிசமமாகச் சேர வேண்டுமானால் 100 மில்லிகிராம் பாதரசத்துக்கு ஏறக்குறைய 39 மில்லிகிராம் செலினியம் தேவை. ஈரலில் செலினியம் அதைவிடக் குறைவாக இருந்தால், பாதுகாப்பு அரண் நிரம்பி வழிகிறது என்று சந்தேகிக்கலாம். தசையில் இருப்பதோ பெரும்பகுதி மெத்தில் வடிவில். அந்த விலங்கு அண்மைக் காலத்தில் என்ன தின்றது என்பதற்கு அதுவே சாட்சி.

வயது தெரியாமல் இந்த மூன்று எண்ணும் வீண். ஐந்து வயதுக் குட்டியில் 20 மில்லிகிராம் என்பதும் நாற்பது வயதுக் கிழத்தில் 20 மில்லிகிராம் என்பதும் ஒன்றல்ல. அதனால்தான் பல். டால்பினின் பல்லை நீளவாக்கில் நடுவே அறுத்து, மெல்லியதாகத் தேய்த்து, சாயமேற்றிப் பார்த்தால், பல்லின் உட்பகுதியான டென்டினின் அடுக்குகள் மர வளையம்போல வரிசையாகத் தெரியும். ஆண்டுக்கு ஒரு ஜோடி அடுக்கு. கீழ்த்தாடையின் நடுப்பகுதியில் இருந்து நான்கைந்து பல் எடுத்தால் போதும். நுனிப் பற்கள் தேய்ந்திருக்கும், கடைசிப் பற்கள் சிறியவை.

கரையில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். இது வனத்துறை அனுமதியோடு மருத்துவர் செய்யும் வேலை. டால்பின், திமிங்கிலம் அத்தனையும் 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், பொதுமக்கள் ஒரு துண்டு வெட்டினாலும், ஒரு பல்லை நினைவுக்காகப் பிடுங்கினாலும் குற்றம். கண்டவர் செய்ய வேண்டியது தகவல் சொல்வதும், நாயையும் கூட்டத்தையும் விலக்குவதும், இடத்தைக் குறித்துப் படம் எடுப்பதும் மட்டுமே.

முதலில் உடலின் நிலையைக் குறிக்க வேண்டும். இப்போதுதான் இறந்ததா, வயிறு உப்பிவிட்டதா, தோல் உரிந்து உருவழிந்துவிட்டதா? வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே ஈரல் கூழாகத் தொடங்கிவிடும். நீர் வடிந்துபோவதால் எஞ்சிய திசுவில் பாதரசம் கூடினதுபோல எண் காட்டும். எனவே நிலையைக் குறிக்காத எண்ணை வேறொன்றோடு ஒப்பிட முடியாது. நீளம் மேல்தாடை நுனியில் இருந்து வால் துடுப்பின் நடுப்பிளவு வரை, நேர்கோட்டில். முதுகின் வளைவோடு நாடாவைப் படரவிட்டு அளப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அப்படி அளந்தால் நீளம் கூடுதலாக வரும். பாலினம் அடிவயிற்றில் தெரியும். பெண்ணுக்கு ஒரே நீள்பிளவு போலத் தோன்றும், இருபுறமும் பால்மடிக்கான சிறு பிளவுகள். ஆணுக்கு இரண்டு பிளவு, நடுவே இடைவெளி. பெண் என்றால் கர்ப்பமா, பால் சுரந்ததா என்றும் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி வழியாக மெத்தில் பாதரசத்தின் ஒரு பகுதி குட்டிக்குப் போய்விடுகிறது.

பிறகு திசு. முதுகுத் துடுப்புக்குக் கீழே முதுகுத் தசையில் 100 கிராம், ஈரலில் 100 கிராம், சிறுநீரகத்தில் கொஞ்சம், தோலும் கொழுப்பும் சேர்த்து முழு ஆழத்துக்கு இரண்டு விரல் அகலச் சதுரம். உடல் புதிதாக இருந்தால் மூளையிலும் ஒரு துண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிப் பாலித்தீன் பையில், காற்றைப் பிதுக்கிக் கட்டி, உடனே பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே உறைநிலைக்குக் கீழே 20 டிகிரிப் பெட்டிக்குப் போக வேண்டும். பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று உள்பைக்கும் வெளிப்பைக்கும் இடையில் இருக்க வேண்டும். மை கரையும், பென்சில் கரையாது. திசு நோயறியும் சோதனைக்கு வைக்கும் துண்டு மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல், பத்து மடங்கு ஃபார்மலினில். பாதரசத்துக்கான துண்டை ஃபார்மலினில் போட்டால் போச்சு. திசுவில் இருந்து கரைந்து வெளியேறுவதும், ஃபார்மலினில் இருக்கும் அசுத்தம் உள்ளே ஏறுவதும் சேர்ந்து அந்த எண் எதற்கும் உதவாமல் போகும். பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்க விரும்பினால் கொழுப்புத் துண்டை பிளாஸ்டிக்கில் வைக்கக் கூடாது, அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். ஒரே பையில் எல்லாம் போட்டு 'மாதிரி எடுத்தாயிற்று' என்று எழுதுவது ஒப்புக்குச் செய்யும் வேலை. இன்னொன்று, கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கடல் பாலூட்டிகளிடம் புருசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்குத் தொற்றக்கூடியவை. உயிரோடு ஒதுங்கியதன் உடல் வெப்பம் பார்க்கப் பாதரச வெப்பமானியைச் செருகுபவர்கள் இன்னும் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்!

ஆய்வகத்தில் வழி தெளிவானது. ஒரு கிராமுக்கும் குறைந்த திசுவை எரித்துப் பாதரச ஆவியைத் தங்க இழையில் பிடித்து அளக்கும் கருவி இருந்தால் அமிலத்தில் கரைக்கும் வேலையே இல்லை. இல்லாவிட்டால், பாதரச ஆவி எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் குளிராவி அணு உறிஞ்சல் முறை. எதுவானாலும் ஒவ்வொரு தொகுதியோடும் தெரிந்த அளவுள்ள ஒப்பீட்டுப் பொடி ஒன்றை ஓட்ட வேண்டும். கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகம் நாய்ச்சுறா ஈரலில் இருந்தே அப்படியொரு பொடி தயாரித்துத் தருகிறது. அதன் அளவு சரியாக வராத நாளில் டால்பினின் அளவும் சரியாக வந்திருக்காது. முடிவை வெளியிடும்போது ஈர எடைக்கா உலர் எடைக்கா என்று சொல்லியாக வேண்டும். தசையில் முக்கால் பங்கு நீர். ஆகவே ஒரே துண்டு, உலர்த்தி அளந்தால் நான்கு மடங்கு காட்டும். மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பினால் ஆயிரம் மடங்கு. கொடைக்கானல் பற்றிய விவாதங்களிலும் இந்தக் குழப்பம் தலைகாட்டாமல் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதி மீனில் பாதரசத்துக்கு வைத்திருக்கும் வரம்பு ஈர எடையில்: பொதுவாகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், சுறா, சூரை போன்ற வேட்டை மீனுக்கு 1.0. உலர் எடை எண்ணைக் கொண்டுவந்து இந்த வரம்போடு ஒப்பிடுவது ஆட்டுக்கறி எடையோடு எலும்பையும் சேர்த்துக் காசு கேட்பதைவிட மோசம்.

இவ்வளவையும் ஒரு நாள் தூத்துக்குடியில் யாரோ ஒருவர் ஆர்வத்தில் செய்வது போதாது. 1973 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 147 குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. 43 ஆண்டு கழித்து, 2016 ஜனவரியில், அதே கரையில் 80-க்கு மேல். இவை ஆழ்கடலில் கணவாய் தின்று பல பத்தாண்டு வாழும் இனம். இரண்டு நிகழ்வில் இருந்தும் ஒரே முறையில் எடுத்த ஈரலும் பல்லும் உறைபெட்டியில் வரிசையாக இருந்தால், வங்கக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் நாற்பது ஆண்டில் பாதரசம் கூடியதா குறைந்ததா என்று இன்று ஒரு மாதத்தில் சொல்லிவிடலாம். இதே இனத்தின் நெருங்கிய உறவான நீள்துடுப்புப் பைலட் திமிங்கிலத்தை உண்ணும் வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில், 1986-87-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறப்பில் இருந்தே தொடர்ந்து பரிசோதித்தார்கள். தாயின் கர்ப்ப காலத்தில் ஏறிய பாதரசம் பிள்ளையின் கவனம், நினைவு, மொழித்திறனில் தெரிந்தது. 2008-இல் அந்தத் தீவின் மருத்துவ அதிகாரிகளே இனித் திமிங்கிலக் கறி மனிதர் உண்ண ஏற்றதல்ல என்று அறிவித்தார்கள். விலங்கின் உடலில் எடுத்த அளவும் பிள்ளையின் உடலில் எடுத்த அளவும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

கடலில் இருக்கும் பாதரசம் எல்லாம் கொடைக்கானலில் இருந்து போனது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆலை இருந்த முகட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. பாம்பாறு கும்பக்கரை அருவியாக இறங்கிப் பெரியகுளம் பக்கம் போய் வைகையில் கலக்கிறது. வைகையோ பெரும்பாலான ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். வெள்ளம் மிகுந்த ஆண்டில்தான் ஆற்றங்கரை முகத்துவாரம் வழியாகப் பாக் விரிகுடாவைத் தொடும். வழியில் சோலை மண்ணும் கண்மாய் வண்டலும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். திறந்த பெருங்கடலில் சேரும் பாதரசத்தில் பெரும்பங்கு வானில் இருந்து வருவது. நிலக்கரி எரிப்பதும், உலகின் பல மூலைகளில் சிறு தங்கச் சுரங்கங்களில் பாதரசம் சூடாக்குவதும் ஆவியைக் காற்றில் ஏற்றுகின்றன. அது மாதக்கணக்கில் சுற்றி எங்கேயோ மழையோடு இறங்குகிறது. பாதரசத்துக்கு ஏழு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள், உண்டு. அவற்றின் விகிதத்தைக் கொண்டு எந்த மூலத்தில் இருந்து வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். அதற்கும் முதலில் திசு வேண்டுமே.

அப்படியானால் மலையில் என்ன செய்ய வேண்டும்? கடலில் டால்பின் செய்யும் வேலையை இங்கே செய்ய ஆள் இருக்கிறது. பழனி மலை ஏரி, ஓடைகளில் மீனையும் நண்டையும் தின்னும் நீர்நாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு, பிடிக்க வேண்டியதில்லை. பாறைமேல் அது இட்டுச் செல்லும் எச்சத்தைப் புதிதாக இருக்கும்போது எடுத்தால், நேற்றுத் தின்ற மீனின் பாதரசம் தெரியும். எச்சத்தில் சிக்கியிருக்கும் அதன் சொந்த முடியும் இறந்து கிடைத்த உடலின் முடியும் மாதக்கணக்கில் சேர்ந்ததைச் சொல்லும். கொடைக்கானல் ஏரியில் மீனைச் சோதிப்பதாக இருந்தால் கெண்டையை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு 'பாதுகாப்பானது' என்று சொல்லக் கூடாது. கெண்டை சேற்றைக் கிளறிப் புழு தின்பது, வேட்டை மீன் அல்ல. ஒவ்வொரு இனத்திலும் சிறிதும் பெரிதுமாக இருபது மீனாவது எடுத்து, நீளமும் எடையும் குறித்து, தலைக்குப் பின்னால் முதுகுத் தசையை அளந்து, நீளத்தோடு பாதரசம் ஏறும் கோட்டை வரைய வேண்டும். கோடு செங்குத்தாக ஏறினால் ஏரிக்குள் மெத்தில் பாதரசம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

உருவாவதற்கான சூழல் இங்கே நன்றாகவே இருக்கிறது என்பதுதான் கவலை. விடுதிக் கழிவுநீர் கலந்து ஏரியின் அடித்தளம் காற்றிழக்கும்போதும், மிதக்கும் களைகளின் வேர்ப்பாயில் சேறு தங்கும்போதும், மெத்தில் ஒட்டும் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். பழைய பாதரசம் அப்படியே இருந்தாலும், கழிவுநீரைத் தடுத்தாலே மீனில் ஏறுவது குறையலாம். சுற்றுலா மேம்பாட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்புவது, மண் அகற்றும் செலவோடு பார்த்தால் சொற்பம்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையான, 2018-இல் இந்தியா ஏற்று உறுதி செய்த மினமாட்டா உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, மீன், கடல் பாலூட்டி, கடலாமை, பறவை ஆகியவற்றில் பாதரசத்தைத் தொடர்ந்து கண்காணிப்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த உடன்படிக்கைக்குப் பெயர் தந்த, தொழிற்சாலைப் பாதரசம் கடலில் கலந்த ஜப்பானிய ஊரான மினமாட்டாவிலும் முதலில் தெரிந்தது தொழிற்சாலைக் குழாயில் எடுத்த தண்ணீரில் அல்ல. மீன் தின்ற பூனைகள் தள்ளாடி விழுந்த பிறகுதான் மனிதரைப் பார்த்தார்கள். 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது, ஆனால் கழிவு கடலில் விழுவது 1968 வரை நிற்கவில்லை.

மலையில் மீன் வாங்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வத்தலக்குண்டு வழியாக மேலே ஏறும் மீன்பெட்டியில் நெத்திலியும் மத்தியும் வந்தால் பயமின்றி வாங்கலாம். கீழ்ப்படி மீன், ஆயுள் குறைவு, பாதரசமும் குறைவு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு செய்து கொடுக்கும் பழக்கத்தைக் கேலி செய்ய மாட்டோம். ஆனால் மெத்தில் பாதரசம் தாய்ப்பாலைவிட நஞ்சுக்கொடி வழியாகத்தான் அதிகம் கடக்கிறது. ஆகவே கர்ப்பம் தரிக்க நினைக்கும் நாளில் இருந்தே சுறாவையும் பெரிய சூரையையும் தவிர்த்து, அந்த இடத்தில் நெத்திலியை வைப்பது நல்லது. சுறாவே வேண்டும் என்றால், பெரிய சுறாவில் இருந்து அறுத்த துண்டை விட்டு, முழுதாகக் கூடையில் அடங்கும் சிறு சுறாவாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக நகராட்சிக்கு ஒரு கோரிக்கை. கொடைக்கானல் ஏரியைத் தூர்வாரும் திட்டம் எப்போது எடுத்தாலும், இயந்திரம் இறங்கும் முன் ஐந்தாறு இடங்களில் குழாய் செருகி வண்டல் தண்டு எடுங்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் அறுத்து, காரீயம்-210 என்ற கதிரியக்கக் காரீயத்தைக் கொண்டு வயது கணித்து, 1980-களின் அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது, அதில் பாதரசம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். அந்த அடுக்கைக் கலக்கினால் பல பத்தாண்டாக அடியில் தூங்கியது மறுபடி நீருக்குள் வரும், உபரிநீரோடு வெள்ளி அருவி வழியாகக் கீழேயும் போகும். அள்ளிய வண்டலைச் சோதனை முடிவு வரும் வரை கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு எருவாகக் கொடுக்க வேண்டாம். தார்ப்பாய் விரித்து, மழை படாமல் மூடி, ஓடைக்கு எட்டாத மேட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
கடல் உயிரியலும் நீர் வேதியியலும் கற்பிக்கும் வாசகர்கள் சிலர்,
கொடைக்கானல்.